மூன்று ஞானப்பற்கள், மூன்று முடிவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 27 வயது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறார். தங்குவது தொழிலாளர் விடுதியில். நான்கு நாளாக வலது பக்கம் தொண்டை வலி, காது வலி, வாயைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு எங்கள் பல் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் ஞானப்பல் அறுவை சிகிச்சை என்பது யாருக்கும் புதிதில்லை. வீட்டில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர் என்று கன்னம் வீங்கி ஒரு வாரம் கஞ்சி குடித்தவர்களை எல்லாருக்கும் தெரியும். அதனால் "ஞானப்பல்லா, எடுத்துவிடு" என்ற ஆலோசனையும் எல்லாரிடமும் தயாராக இருக்கிறது. இந்த இளைஞரின் வாயில் மூன்று ஞானப்பற்கள் இருந்தன. மேல் இடப்பக்கத்தில் அந்தப் பல் உருவாகவே இல்லை. ஒன்றை முழுதாக எடுத்தோம். ஒன்றின் தலையை மட்டும் எடுத்து வேரை விட்டுவிட்டோம். ஒன்றைத் தொடவே இல்லை. ஞானப்பல்லை என்ன செய்வது என்பதை அந்தப் பல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அதன் முன்னால் இருக்கும் பல்லும் கீழே ஓடும் நரம்பும் அந்த மனிதருடைய வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்று நான் நம்புகிறேன். இவருடைய கதை அதை நன்றாகவே காட்டுகிறது.

விசாரித்ததில் தெரிந்தது

இதே வலி கடந்த ஓராண்டில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. முதல் இரண்டு முறையும் தொண்டைப் புண் என்று நினைத்து கிளினிக்குக்குப் போயிருக்கிறார். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழுங்கினால் வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், வாயும் விரல் அளவே திறந்தால், தொண்டையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் நான் எப்போதும் கேட்பது ஒன்று உண்டு. "வலி எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க, தம்பி." அவர் விரல் கழுத்துக்குப் போகவில்லை. கன்னத்தின் வெளிப்புறமாக, தாடை வளையும் மூலைக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. "இங்கதான் அக்கா தொடங்குது. அப்புறம் காது வரைக்கும் இழுக்குது." கீழ்த்தாடைப் பற்களுக்கும் காதை ஒட்டிய பகுதிக்கும் உணர்வைக் கொண்டுபோவது ஒரே நரம்புதான், முக்கிளை நரம்பின் மூன்றாவது கிளை. அதனால் கீழ்ப்பல் வலி காதில் தெரிவது சர்வ சாதாரணம். காதில் ஒரு கோளாறும் இருக்காது.

விடுதியில் நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து வாங்கி வந்த கிராம்பை அந்த இடத்தில் அடக்கி வைத்திருந்தார். கிராம்பில் யூஜினால் என்ற பொருள் இருக்கிறது. வலியைக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும், அது உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் ஈறு வெந்துபோகும். இவருக்கும் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. பனடோலும் சாப்பிட்டிருக்கிறார், கூடவே சளி மாத்திரை ஒன்றும். இரண்டிலும் பாரசிட்டமால் உண்டு. கூட்டிப் பார்த்தோம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கான உச்ச அளவு 4 கிராம், அதைத் தாண்டவில்லை. இதை யாரிடமும் கேட்காமல் விடக் கூடாது. பல்வலிக்காரர்கள் தூக்கம் வராத இரவில் மாத்திரையை எண்ணிச் சாப்பிடுவதில்லை.

இவ்வளவு நாள் ஏன் பல் மருத்துவரிடம் வரவில்லை? எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்தால் மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ என்ற பயம் ஒன்று. பதிவுபெற்ற பல் மருத்துவர் தரும் எம்சியை முதலாளி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னொன்று, நான்கு மாதத்தில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறார், அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

நாளுக்கு நான்கைந்து சிகரெட் பிடிப்பார். வேறு நோய் இல்லை, மருந்து ஒவ்வாமை இல்லை. அடிக்கடி தொற்று வருவதால் விரல் நுனியில் குத்திச் சர்க்கரையும் பார்த்தோம், சரியாகவே இருந்தது.

பரிசோதனை

காய்ச்சல் 37.9 டிகிரி செல்சியஸ். வலது பக்கத் தாடையின் கீழே நிணநீர்க்கட்டி ஒன்று பெரிதாகி, தொட்டால் வலித்தது. மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் வாய் 22 மி.மீ. மட்டுமே திறந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாக 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறக்க வேண்டும். அவரவர் விரல் மூன்று நுழைந்தால் சரி என்று வைத்துக்கொள்ளலாம். இவருக்கு ஒன்றரை விரல்கூடக் கஷ்டம்.

பல்லைப் பார்க்குமுன் வேறு சிலதைப் பார்த்தேன். நாக்குக்கு அடியில் வாய்த்தரை மேலெழும்பி இருக்கிறதா? நாக்கை வெளியே நீட்ட முடிகிறதா? எச்சிலை விழுங்க முடிகிறதா, வழிகிறதா? குரல் கம்மியிருக்கிறதா? தாடை எலும்பின் கீழ் விளிம்பைத் தடவினால் விரலுக்குத் தெரிகிறதா, வீக்கத்தில் மறைந்துவிட்டதா? மூச்சு எப்படி? கீழ் ஞானப்பல்லின் தொற்று தாடைக்கு அடியிலும் தொண்டைப் பக்கவாட்டிலும் உள்ள இடைவெளிகளுக்குள் இறங்கக்கூடியது. லுட்விக் ஆஞ்சைனா என்ற நிலையில் வாய்த்தரை இருபக்கமும் வீங்கி மூச்சுப்பாதையையே அடைத்துவிடும். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவமனை நாற்காலி அவருக்கான இடமில்லை. ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இவருக்கு எதுவும் இல்லை. உள்நாக்கு நடுவில் இருந்தது, தொண்டைச் சதைகளில் சீழ் இல்லை. ஆகவே தொண்டையில் சீழ்க்கட்டி என்ற சந்தேகமும் விலகியது.

அப்புறம் பல். கீழ் வலது ஞானப்பல் பாதிதான் வெளியே வந்திருந்தது, முன்பக்கம் சாய்ந்தபடி. அதன் பின்பாதியை ஈறு மடிப்பு ஒன்று மூடியிருந்தது. சிவந்து, உப்பி, லேசாக அழுத்தியதும் சீழ் கசிந்தது. மடிப்புக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடம் ஒரு சட்டைப்பை மாதிரி: உணவுத்துகள் உள்ளே போகும், பிரஷ் போகாது. மடிப்பின் மேல் தெளிவாகப் பல் பதிந்த தடம். மேல் வலது ஞானப்பல் தனக்கு எதிர்ப்பல் கிடைக்காததால் கீழே இறங்கி வந்து, ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் வீங்கிய ஈற்றைக் குத்திக்கொண்டிருந்தது. வீங்கினால் குத்தும், குத்தினால் இன்னும் வீங்கும்.

முதல் கட்ட முடிவு: பாதி முளைத்த கீழ் வலது ஞானப்பல்லைச் சுற்றிய ஈறு அழற்சி, அதாவது பெரிகொரோனைட்டிஸ். திரும்பத் திரும்ப வருவது, இந்த முறை காய்ச்சலும் தாடை இறுக்கமும் சேர்ந்தது.

அன்றைக்குப் பல்லை எடுக்கவில்லை

"இன்னைக்கே புடுங்கிடுங்க அக்கா, லீவு போட்டு வந்திருக்கேன்" என்றார். அவர் ஆதங்கம் நியாயமானது. ஆனால் சீழும் காய்ச்சலுமாக இருக்கும்போது, வாய் 22 மி.மீ. மட்டுமே திறக்கும்போது, எலும்பை வெட்டி எடுக்க வேண்டிய ஒரு பல்லில் கை வைப்பது தவறு. மரப்பு ஊசி தொற்றுள்ள இடத்தில் சரியாகப் பிடிக்காது. தொற்று ஆழத்துக்குப் பரவ வழி கிடைக்கும். கருவியைச் சரியான கோணத்தில் வைக்கவே இடம் இருக்காது.

செய்தது எளிமையானது. ஈறு மடிப்புக்கு அடியில் மொட்டை ஊசி வழியாக உப்புநீரைப் பாய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவினோம். இந்த ஒரு காரியம்தான் முந்தைய இரண்டு முறையும் நடக்காமல் போனது. மாத்திரை கிருமியைக் குறைக்கும். உள்ளே அடைந்து அழுகும் சோற்றுப் பருக்கையை வெளியேற்றாது. காய்ச்சல், தாடை இறுக்கம், நெறி இல்லாத சாதாரண ஈறு வீக்கமாக இருந்தால் கழுவுவதோடு நிறுத்தியிருப்பேன், ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்க மாட்டேன். இவருக்குத் தேவைப்பட்டது. காற்றில்லாமல் வாழும் கிருமிகள் இங்கே அதிகம் என்பதால் மெட்ரோனிடசோல் 400 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. மருந்து முடியும்வரையும் முடிந்து இரண்டு நாளும் பீர் உட்பட மது கூடாது என்று அழுத்திச் சொன்னேன். வாரக்கடைசி வந்துகொண்டிருந்தது.

வலிக்கு இபுப்ரோஃபென் கொடுக்குமுன் ஒரு நிமிடம் யோசித்தேன். சிங்கப்பூரில் காய்ச்சலோடு வருபவருக்கு டெங்கி இருந்தால் இந்த வகை மருந்து ரத்தக்கசிவை மோசமாக்கும். உடல்வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, தடிப்பு எதுவும் இல்லை; காய்ச்சலுக்குக் காரணம் கண்முன்னாலேயே இருந்தது. கொடுத்தேன்.

மேல் வலது ஞானப்பல்லை, வாய் ஓரளவு திறக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் எடுத்தோம். நேராக முளைத்த பல், சில நிமிட வேலை. எதிர்ப்பல் இல்லாமல் ஈற்றைக் குத்துவதைத் தவிர அதற்கு வாயில் எந்த வேலையும் இருக்கவில்லை. அதை எடுத்த மறுநாளே கீழ்ப்பக்க வலி பாதியாகக் குறைந்தது என்றார்.

படம் சொன்னது

வீக்கம் அடங்கியதும், இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தோம். சிக்கிய ஞானப்பல்லைப் பல் மருத்துவர்கள் இரண்டு பழைய அளவுகோல்களால் விவரிக்கிறோம். 1926இல் வின்டர் தந்தது சாய்வைச் சொல்கிறது: முன்சாய்வு, பின்சாய்வு, நேர், கிடை. 1933இல் பெல், கிரெகரி இருவரும் தந்தது, தாடையெலும்பு பின்னால் மேலேறும் இடத்தில் பல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்கிறது. இவருடைய கீழ் வலதுபல் முன்சாய்வு, இரண்டாம் வகுப்பு, பி நிலை. நடுத்தரச் சிக்கல்.

ஆனால் இந்த அளவுகோல்கள் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று மட்டுமே சொல்லும். எடுக்க வேண்டுமா, எடுத்தால் எதை இழக்கலாம் என்று சொல்லாது. அதற்குப் படத்தில் வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, முன்னால் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்புறம். ஞானப்பல் சாய்ந்து அதன் கழுத்தில் முட்டும் இடத்தில் நிழலாக ஒரு குழி. சொத்தை தொடங்கியிருந்தது, இன்னும் ஆழமில்லை. இதை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். ஞானப்பல் இல்லாமல் ஒருவர் சௌகரியமாகச் சாப்பிடலாம். இரண்டாம் கடைவாய்ப்பல் போனால் மெல்லும் பலமே குறையும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2000இல், நோய் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கக் கூடாது என்று வழிகாட்டியது. அதில் நியாயம் இருந்தது. தேவையில்லாத அறுவைகள் நிறைய நடந்துகொண்டிருந்தன. ஆனால் பிறகு வந்த ஆய்வுகள், நோயாளிகள் கூடுதல் வயதில் வருவதையும், பக்கத்துப் பல்லின் பின்புறச் சொத்தை காரணமாக எடுப்பது கூடியதையும் காட்டின. முன்சாய்வாகப் பாதி முளைத்து, முன்னால் உள்ள பல்லின் கழுத்தில் முட்டும் ஞானப்பல்லை "வலிக்கும்போது பார்க்கலாம்" என்று சும்மா விடுவதை நான் ஏற்பதில்லை. அந்தச் சொத்தை வலிக்கத் தொடங்கும்போது பல நேரம் தாமதமாகியிருக்கும்.

இரண்டாவது இடம், வேர்நுனி. கீழ்த்தாடைக்குள் ஒரு எலும்புக் குழாய் ஓடுகிறது. அதன் வழியே போகும் நரம்புதான் கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வைத் தருகிறது. ஓபிஜியில் அந்தக் குழாய் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ரூட், ஷெஹாப் இருவரும் 1990இல் ஏழு எக்ஸ்ரே அறிகுறிகளை ஆராய்ந்து, நரம்புக் காயத்தோடு வலுவாகத் தொடர்புள்ளவை என்று மூன்றைச் சொன்னார்கள்: குழாய் வேரைத் தாண்டுமிடத்தில் வேர் கறுத்துத் தெரிவது, வெள்ளைக் கோடு அறுந்துபோவது, குழாய் திசை மாறுவது. இவருக்கு முதல் இரண்டும் இருந்தன.

இந்த நிலையில்தான், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சிடி ஸ்கேன் கேட்டோம். எல்லா ஞானப்பல்லுக்கும் அது வேண்டியதில்லை. கூடுதல் கதிர்வீச்சு, கூடுதல் செலவு. முடிவை மாற்றக்கூடிய கேள்வி ஒன்று இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். இங்கே இருந்தது. ஸ்கேனில், குழாய் வேரின் நாக்குப்புறமாக ஓடியது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய எலும்புச் சுவர் காணோம். வேரில் குழாய் பதிந்த பள்ளம் தெரிந்தது. வேரைப் பெயர்த்து எடுத்தால் நரம்பு நசுங்கவோ கிழியவோ நல்ல வாய்ப்பு உண்டு.

முடிவெடுத்த விதம்

சாதாரணமாகக் கீழ் ஞானப்பல் எடுக்கும்போது உதடு நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இவர் மாதிரி நரம்பை ஒட்டிய வேருள்ளவர்களிடம் அந்தக் கணக்கு செல்லாது. கீழுதடு மரத்தவருக்கு டீ வழிவது தெரியாது, சவரம் செய்யும்போது வெட்டியது தெரியாது. சிலருக்கு மரப்போடு ஓயாத எரிச்சலும் சேரும்.

இதற்கு மாற்றுவழி கொரோனெக்டமி. 1984இல் பிரெஞ்சு மருத்துவ இதழில் முதலில் விவரிக்கப்பட்ட முறை. பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்புக்குள் வேண்டுமென்றே விட்டுவிடுவது. நரம்பை ஒட்டிய பற்களைக் கொண்டு 2005இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், முழுதாக எடுத்தவற்றில் சுமார் 19 விழுக்காட்டில் நரம்பு பாதிக்கப்பட்டது. வேரை வெற்றிகரமாக விட்டுவைத்தவற்றில் ஒன்றுகூட இல்லை. வெட்டும்போது வேர் ஆடிப்போய் முழுதாக எடுக்க நேர்ந்தவற்றில் 8 விழுக்காடு.

எல்லாருக்கும் பொருந்தும் முறை இல்லை இது. வேரைச் சுற்றித் தொற்று இருக்கக் கூடாது, சொத்தை பல்லின் நரம்புக்கூழ் வரை போயிருக்கக் கூடாது, பல் ஆடக் கூடாது, நோய் எதிர்ப்பு சக்தி குன்றியிருக்கக் கூடாது, நரம்போடு சேர்ந்து கிடைமட்டமாகப் படுத்திருக்கக் கூடாது. இவருடைய பல் எல்லாவற்றிலும் தேறியது.

என்னைத் தயங்க வைத்தது வேறு விஷயம். விட்டுவைத்த வேர்கள் முதல் ஓரிரு ஆண்டில் மெல்ல மேலே நகரும். பெரும்பாலும் நரம்பைவிட்டு விலகி, எலும்பு மூடி அங்கேயே நின்றுவிடும். சிலருக்கு ஈறு வரை வந்துவிடும். அப்போது எடுக்க வேண்டும், ஆனால் அந்த இரண்டாவது அறுவையில் நரம்பு தூரத்தில் இருக்கும். ஆக, தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் அடுத்த ஆண்டு இங்கே இருப்பாரா? ஊரில் வேறொரு பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "யாரோ வேரை உடைத்து உள்ளேயே விட்டுவிட்டார்கள்" என்று தோண்ட ஆரம்பித்தால்?

இதையெல்லாம் அவரிடமே வைத்தோம், தமிழில், படத்தைத் திரையில் காட்டி, நிதானமாக. அவர் கேட்டது இரண்டே கேள்வி. "உதடு மரத்துப்போச்சுன்னா திரும்ப வருமா?" சிலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றேன். "வேரை விட்டா, பிற்பாடு பிரச்சினை வந்தா எடுத்துக்கலாமா?" எடுக்கலாம் என்றேன். "அப்ப வேர் இருக்கட்டும் அக்கா. உதடு போனா திரும்பாதுல்ல" என்றார். கல்யாணத்துக்கு முன்பே செய்துவிடுவது என்றும் தீர்மானித்தோம். சொந்தக்காரர்கள் நடுவில் நான்காவது முறை வீங்க வேண்டாம்.

பிறகு பணம். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அறுவை முறையில் எடுக்கும் ஞானப்பல்லுக்கு மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென உள்ள மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம். சாதாரணமாகப் பிடுங்குவதற்கு முடியாது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு மத்திய சேமநிதிக் கணக்கே இல்லை, எனவே மெடிசேவும் இல்லை. அவர் நிறுவனத்துக்கு நாங்களே எழுதி, ஓராண்டில் மூன்று முறை தொற்று வந்ததையும் அடுத்த முறை மருத்துவமனைப் படுக்கையில் முடியலாம் என்பதையும் விளக்கினோம். ஒப்புக்கொண்டார்கள். மறுத்திருந்தால் ஹெல்த்சர்வ் போல வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தரும் தொண்டு அமைப்பை நாடியிருப்போம். அனுப்புமுன் முதலாளியிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது பலிக்கிறது என்பதை மற்ற மருத்துவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அறுவை

எங்கள் வாய், முக, தாடை அறுவை நிபுணர் செய்தார். நான் உடன் இருந்தேன். மரப்பு ஊசி மட்டும், மயக்கம் இல்லை. கன்னப்பக்க ஈற்றைத் திறந்து, உப்புநீர் ஓடவிட்டபடி பல்லைச் சுற்றிய எலும்பைக் கொஞ்சம் அகற்றி, தலையும் வேரும் சேரும் கழுத்தில் வெட்டினார். இங்கே அவசரப்பட்டு நெம்பினால் வேர் ஆடிவிடும். ஆடிய வேரை விட்டுவைக்க முடியாது. தலை வெளியே வந்ததும் மிச்சத்தை எலும்பு விளிம்புக்குக் கீழே 3 முதல் 4 மி.மீ. வரை இழைத்துவிட்டு, எனாமல் துணுக்கு எதுவும் இல்லை என்று பார்த்தார். எனாமல் மிஞ்சினால் மேலே எலும்பு மூடாது. வேர்க்குழாயில் எந்தச் சிகிச்சையும் செய்வதில்லை. தையல் போட்டு முழுதாக மூடினோம்.

ஊசியின் மரப்பு இருக்கும்போதே அவர் கேட்டார், "இடது பக்கத்தையும் இப்பவே முடிச்சிடலாமே அக்கா, ஒரே லீவுல போயிடும்." கீழ் இடது ஞானப்பல் எலும்புக்குள் முழுதாகப் புதைந்து கிடக்கிறது, ஆழத்தில், நேராக. அதன் முன்னால் உள்ள பல்லின் பின்புறம் துருவிப் பார்த்தோம்: 3 மி.மீ. ஆழம், வாயோடு எந்தத் தொடர்பும் இல்லை. பல்லைச் சுற்றிய பையின் இடைவெளி இயல்பான அளவில் இருக்கிறது, நீர்க்கட்டிக்கான அடையாளம் இல்லை. பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கவும் இல்லை. அதை எடுக்க எலும்பை நிறைய வெட்ட வேண்டும், நரம்பும் அருகில். வயது கூடக்கூட அறுவையும் ஆறுவதும் கடினமாகும் என்ற வாதம் எனக்குத் தெரியும்; அதையும் எடைபோட்டோம். இன்றைக்கு எந்தத் தீங்கும் செய்யாத பல்லுக்காக உதட்டின் உணர்வைப் பணயம் வைக்க அந்த வாதம் போதவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் புரிந்துகொண்டார்.

ஆறிய கதை

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ தவறாகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். முதல் நாள் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது; உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர். சாப்பாட்டுக்கு ஆறிய கஞ்சி, தயிர்சாதம், கோப்பையில் மைலோ. விடுதிக்குக் கேட்டரிங்கில் வரும் சாப்பாட்டைச் சில நாள் மாற்ற முடியாது என்றார். அறை நண்பர்கள் மாறி மாறிக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சிகரெட்டை அந்த ஒரு வாரமாவது நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார். வெயிலில் பாரம் தூக்கும் வேலைக்கு உடனே திரும்பினால் ரத்தம் கசியும் என்பதால் எம்சியோடு, அதன் பிறகு சில நாள் இலகுவான வேலை தரும்படி ஒரு குறிப்பும் கொடுத்தோம்.

மறுநாள் காலை தொலைபேசியில் முதலில் கேட்டது, "கீழுதடு, மோவாய், நாக்கு, எங்கயாவது மரத்திருக்கா?" எங்கேயும் இல்லை. ஒரு வாரத்தில் தையல் பிரித்தபோது வாய் 34 மி.மீ. திறந்தது. ஒரு மாதம் கழித்து, ஈறு ஆறியதும், இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்புறச் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் வைத்து அடைத்தோம். ஞானப்பல்லின் தலை இருந்தவரை அந்த இடத்துக்குக் கருவி எட்டியிருக்காது. கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினார். ஆறாம் மாத ஓபிஜியில் வேர்கள் 2 மி.மீ. அளவு மேலே நகர்ந்து, நரம்புக் குழாயைவிட்டு விலகியிருந்தன. மேலே எலும்பு மூட ஆரம்பித்திருந்தது. வலியோ வீக்கமோ திரும்ப வரவில்லை.

அவரிடம் ஒரு உறை கொடுத்திருக்கிறோம். அதில் அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும், எந்த நாட்டுப் பல் மருத்துவரும் படிக்கும்படி ஒரு பக்கக் குறிப்பும் இருக்கின்றன: கீழ் வலப்பக்கத்து வேர்கள் நரம்பைக் காப்பாற்ற வேண்டுமென்றே விடப்பட்டவை, ஈறு வழியே வெளிவந்தாலோ தொற்று வந்தாலோ மட்டும் எடுக்கவும், எடுக்குமுன் நரம்பின் இடத்தைப் புதிதாகப் படம் எடுத்துப் பார்க்கவும். படங்களைக் கைப்பேசியிலும் ஏற்றி, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைக்கச் சொன்னோம். கீழ் இடது ஞானப்பல்லுக்கு இரண்டாண்டு கழித்து ஓபிஜி. அதற்குள் அந்தப் பக்கம் ஈறு வீங்கினாலோ, கெட்ட சுவை வந்தாலோ, அதன் முன்னால் உள்ள பல்லில் கூச்சம் தெரிந்தாலோ காத்திருக்காமல் பல் மருத்துவரிடமே நேராகப் போக வேண்டும் என்றும் அதே குறிப்பில் தமிழில் எழுதியிருக்கிறது.